குளிராத குளிர்வண்டி

பத்து மணி அடிப்பதற்குள் செல்வி கடற்கரைக்கும் லாரிக்கும் நடுவே ஒன்பது முறை ஓடிவிட்டாள்.

"படகு தெரியுதா?" என்று லாரிக்கு அடியிலிருந்து அப்பா அடைக்கலசாமி கேட்டார்.

"நாலும் வருதுப்பா. தண்ணியில தாழ்ந்து வருது. நிறைய மீன் இருக்கு."

வேறு நாளாக இருந்தால் அப்பா விசிலடித்திருப்பார். இன்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தமானின் வண்டூர் மீனவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய குளிர்வண்டி அது. லாரியின் பின்னால் பெரிய தகரப் பெட்டி. அதைக் குளிர வைக்கும் இயந்திரம் டிரைவரின் தலைக்கு மேலே இருந்தது. இந்த வண்டியை வாங்குவதற்கு முன்பு, மீனுக்கான ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து வைப்பார்கள். இப்போது ஐஸ் இல்லை. கரையில் மரத்தூள் குவியல் மட்டும் மிச்சம். காற்றடித்தால் எல்லார் கண்ணிலும் விழும்.

இன்று பெட்டிக்குள் கை விட்டால் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. மீன் வந்து இறங்கினால் போர்ட் பிளேர் போய்ச் சேருவதற்குள் நாறிவிடும்.

போர்ட் பிளேரின் டெலானிபூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்த மெக்கானிக் கோவிந்தராஜ், இயந்திரத்தில் அழுத்தம் காட்டும் கடிகாரம் ஒன்றை மாட்டிப் பார்த்தார்.

"குளிர வைக்கிற கேஸ் இருக்கு. ஆனா அழுத்தம் எக்கச்சக்கம். குழாய்க்குள்ளதான் ஏதோ அடைப்பு" என்றார்.

"மேல, சூடு வெளியே போற கம்பி வலை?" என்று அப்பா கேட்டார்.

"போன மாசம்தான் என் கையால கழுவினேன். அதுல ஒண்ணும் இருக்காது. குழாயைக் கழற்ற வேண்டியதுதான்."

"கழற்றினா கேஸ்?"

"போயிடும். புது கேஸ் மெட்ராஸ் கப்பல்லதான் வரணும். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ."

செல்வியின் கால் பெருவிரல் மணலைத் தோண்ட ஆரம்பித்தது.

உப்புக் காற்றில் எதுவும் நாலு நாளில் துருப்பிடித்துவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் வண்டியின் கீல், சங்கிலி, போல்ட் எல்லாவற்றுக்கும் அப்பா பழைய இன்ஜின் எண்ணெய் பூசுவார். போன சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். "இரும்புன்னு இருக்கிற எல்லாத்துலயும் பூசிடு பிள்ளே" என்று சொல்லிப் படுத்துவிட்டார். செல்வி மேலே ஏறி அந்தக் கம்பி வலையின் ஒவ்வொரு இடுக்கிலும் பூசிவிட்டாள். மிச்சம் வைக்கவே இல்லை.

அதைச் சொன்னால்? அப்பாவுக்கு எல்லார் முன்னாலும் அவமானம். சொல்லாவிட்டால்? மெக்கானிக் கையில் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். முதல் படகில் நின்றவரின் தலைப்பாகை கூடத் தெரிந்தது.

"மாமா, கழற்றாதீங்க."

ஸ்பானர் குழாயின் மேலேயே நின்றது.

"மேல நான் எண்ணெய் பூசினேன். ஒரு டப்பா முழுசும்."

கோவிந்தராஜ் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"நான்தான் பூசச் சொன்னேன்" என்றார் அப்பா மெதுவாக. "அங்கேயும் ஏறுவாள்னு தெரியாது."

மெக்கானிக் மேலே ஏறினார். மூடியைத் திறந்தார். ஒரு கைப்பிடி எடுத்துக் கீழே காட்டினார். எண்ணெயில் ஊறிய மரத்தூள், கெட்டியான அடை மாதிரி இருந்தது.

"அரே, இங்க காற்று எப்படிப் போகும்? வெளியே தள்ள வேண்டிய சூட்டை எல்லாம் போர்வை போட்டு மூடி வச்சிருக்கு. ஜல்தி, சீக்கிரம் பானி கொண்டு வாங்க. கடல் தண்ணி வேண்டாம்."

செல்வி வீட்டுக்கு ஓடினாள். மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு வாளி, ஒரு கட்டி சவுக்காரம். அம்மாவின் தேங்காய் நார் பிரஷையும் எடுத்தாள்.

"அது வேண்டாம் பாப்பா, வலைத் தகடு மடங்கிடும். மெத்துனு ஏதாவது?" என்று மேலிருந்து கேட்டார் கோவிந்தராஜ்.

மறுபடி ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அப்பாவின் முகச்சவர பிரஷ் இருந்தது.

"அது புதுசு பிள்ளே" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா. அதான் எடுத்தேன்."

செல்வியும் மேலே ஏறினாள். அவளுடைய விரல்தான் இடுக்குகளுக்குச் சரியாக இருந்தது. தேய்த்தாள், ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள். கறுப்புத் தண்ணீர் லாரியின் முன்கண்ணாடி வழியாக ஒழுகி, ஒழுகி, கடைசியில் வெளுத்தது.

அப்பா இன்ஜினைக் கிளப்பினார். கடிகாரத்தின் முள் இறங்கியது. கோவிந்தராஜ் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருந்த குழாய் வியர்த்தது. முதல் கூடை மீன் வந்து இறங்கியபோது குழாயில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது.

லாரி புறப்பட்டது. முன் இருக்கையில் அப்பாவுக்கும் ஊர் திரும்பும் மெக்கானிக்குக்கும் நடுவே செல்வி.

"அப்பா, நிறுத்துங்க. குளிருதான்னு பார்த்துட்டு வரேன்."

பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு மைல் போனதும் மறுபடி நிறுத்தச் சொன்னாள். அதற்கப்புறமும் நிறுத்தச் சொன்னாள்.

நான்காவது முறை அப்பா நிறுத்தவில்லை. "இப்படிப் போனா மீனே இறங்கி நடந்து போயிடும்."

கோவிந்தராஜ் ஜன்னல் வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நிறுத்து அடைக்கலம். இந்தத் தடவை நான் பார்த்துட்டு வரேன்."