பாஸ்கலின் ஹாட்ஸ்பாட்

பாஸ்கல் கடைசியாக அந்த வீட்டில் செய்த காரியம், ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து தன் போனை மனைவி எமில்டாவின் கையில் கொடுத்ததுதான். அவள் சிம்மில் பேச மட்டும்தான் முடியும். நெட் எப்போதும் அவனிடமிருந்துதான். கடலில் சங்கு குளிக்கப் போகுமுன் அவன் பழைய சோற்று நீத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், தங்கச்சி பிள்ளையின் ஞானஸ்நானப் படங்களை அவள் பார்த்துவிட்டாள். பிறகு அவன் போனின் திரையைப் பார்த்தாள். இரண்டு போன்கள் இணைந்திருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது, பிளாரன்ஸ்.

பிளாரன்ஸ் பின்வீட்டுக்காரி. இரண்டு அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர்.

“அவளுக்கு எப்ப பாஸ்வேர்டு குடுத்திய?”

“ஏளா, கப்பல்ல இருக்க புருசன்கிட்ட பேசணும்னு கேட்டா. நெட்டுதான குடுத்தேன், நெக்லஸா குடுத்தேன்?”

சிரித்துக்கொண்டே போனைப் பையில் போட்டுக் கிளம்பினான். அந்தப் பாஸ்வேர்டு அவர்களுடைய கல்யாணத் தேதி. அதைப் பிளாரன்ஸின் விரல்கள் ஒவ்வொரு எண்ணாக அடித்திருக்கின்றன என்ற நினைப்பு, மீன் கழுவும்போதும் சோறு வடிக்கும்போதும் அவளை அரித்தது.

கடலுக்குள் இறங்குகிறவனுக்குப் படகிலிருந்து காற்றுக்குழாய் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பார்கள். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? பாஸ்கலுக்கு அவள் அண்ணன் ஃபிராங்க்ளின்தான் பிடிப்பான். பதினோரு மணிக்கு அவனைப் போனில் கூப்பிட்டாள்.

“ஏளா, குழாய் பிடிச்சிட்டிருக்கேன். பொறவு பேசுதேன்.”

“இப்பவே சொல்லு. பிளாரன்ஸ் விசயம் ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

நான்கு நிமிடம் அவள் விடவில்லை. அதற்குள் குழாய் எங்கோ மடங்கியதை ஒரு கையால் பிடித்திருந்தவன் உணரவில்லை. அப்புறம் போனில் அண்ணனின் அலறல்தான் கேட்டது. பாஸ்கலின் உடலைப் படகில் தூக்கிப் போட்ட அமளியில் அவன் பையும் போனும் கடலுக்குள் சரிந்தன.

அவனுடைய முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், நனைந்த சுவரின் வாடையும், அதற்கடியில் எங்கிருந்தோ வந்த டீசலும் பாசியும் கலந்த இன்னொரு வாடையுமாக வீடு இருண்டுகொண்டிருந்தபோது, வெளிச்சத்துக்காக எடுத்த போனின் உச்சியில் வைஃபை குறி தெரிந்தது.

தொட்டுப் பார்த்தாள். பாஸ்கல்.

முற்றம் தாண்டினால் எட்டாத சிக்னல் அது. அவன் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். போனை நீட்டிக்கொண்டு நடந்தாள். முன்னறையில் ஒரு கோடு. நடையில் இரண்டு. அடுப்படியில், பின்சுவரை ஒட்டி நின்றபோது, முழுவதும் நிறைந்தது. சுவரில் காது வைத்தாள். குழாயைக் கடித்துக்கொண்டு இழுக்கிற மூச்சு. இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல.

“அங்கனயா நிக்கிய?” என்றாள்.

மழையோடு தெருவைச் சுற்றிப் பின்வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த பிளாரன்ஸின் கையிலும் போன் இருந்தது.

“மைனி, எனக்கும் வருது. பாஸ்கல் அண்ணன் பேரு.”

“எந்த எடத்துல நல்லா எடுக்குது?”

“அடுப்படில. சொவத்துக்கிட்ட.”

“அழி. என் கண்ணு முன்னால அந்தப் பேர அழி.”

பிளாரன்ஸ் அழித்தாள். பிறகு நிமிர்ந்து, “செத்தவர் மேலயுமா மைனி சந்தேகம்?” என்றாள்.

எமில்டா மழையில் இறங்கி நடந்தாள்.

திரும்பி வந்தபோது அடுப்படியில் ஒரு கோடுதான் இருந்தது. நடையில் இரண்டு. தரையில் ஈரக் கால்தடங்கள், அடுப்படியிலிருந்து படுக்கையறைக்கு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கடல்மணல். அறை வாசலில் சிக்னல் நிறைந்தது.

ஜெயித்துவிட்டோம் என்றிருந்தது அவளுக்கு. வெட்கமில்லாமல் அப்படித்தான் இருந்தது.

கட்டிலில் ஒரு பாதி அமுங்கியிருந்தது. மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் மறுபாதியில் படுத்தாள். குளிர். உப்பு. மூச்சு.

“இங்கிட்டுத் திரும்புங்க.”

இழுப்பு. நிறுத்தம்.

போன் வெளிச்சத்தைத் தூக்கினாள். ஊறி வெளுத்த முதுகு. பின்னந்தலை. அவன் அடுப்படிப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான்.

எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலை இழுத்தாள். தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டாள். அமுங்கிய பாதி இப்போதும் அடுப்படிப் பக்கமே இருந்தது. மறுபாதியில் படுத்தாள். வெளிச்சத்தைத் தூக்கினாள்.

முதுகு.

பிளாரன்ஸ் அந்த வாரமே மணப்பாட்டுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்வீடு பூட்டிக் கிடக்கிறது. எமில்டா கட்டிலை எப்படிப் போட்டாலும், அவன் முகம் அந்தப் பின்சுவரைப் பார்த்தே இருக்கிறது.