நாத்தம் போதுமா, சார்?

அவளை எல்லோரும் 'மூக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வகுப்பில் யாராவது ஆரஞ்சு உரித்தால், இங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

மூக்கியின் அப்பாவுக்குச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் வேலை. செவ்வாய்தோறும் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு வருவார். கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடை மூடியைத் திறப்பார். கயிறு கட்டிய பாட்டிலை இறக்கிக் கழிவுநீர் எடுப்பார். பிள்ளைகள் வயிற்றில் கிருமி இருந்தால், அந்த நீரிலும் இருக்கும்.

இந்த வாரம் வகுப்பில் ஒன்பது பேர் வரவில்லை. எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. மூக்கியின் தோழி குண்டூசி மருத்துவமனையில் படுத்திருந்தாள். பெஞ்சில் மூக்கி மட்டும்தான்.

"ரெண்டு வாரமா தண்ணியில ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் அப்பா. "இன்னைக்கும் இல்லைன்னா, வேற இடத்துல தேடச் சொல்லிட்டாங்க."

"இங்கதான்ப்பா இருக்கு. ஒன்பது பேருப்பா!"

"நீ சொன்னா பத்தாது. பாட்டில் சொல்லணும்."

அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். மூக்கி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக விரலை எடுத்தாள்.

நாறவில்லை. பிளீச்சிங் பவுடர் வாசனைதான் வந்தது.

"அப்பா, கிளம்பிடாதீங்க. இதோ வந்துட்டேன்!"

கழிப்பறைக்குள் ஓடினாள். துப்புரவு அக்கா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, காலையில பவுடர் போட்டீங்களா?"

"போடாம? செவ்வாக்கிழமைன்னா ஆறு மணிக்கே வந்துருவேன். அஞ்சு வாளி கரைச்சு ஊத்துவேன்! உங்கப்பா வந்து எட்டிப் பாக்குறாரு. நம்ம ஸ்கூல் மானம் என்னாகறது?"

"அச்சச்சோ! அக்கா, அவர் தேடறதே கிருமியைத்தான். நீங்க முன்னாடியே கொன்னுட்டா அவர் எதைக் கண்டுபிடிப்பாரு?"

அக்காவின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது.

"ஐயோ... பெரிய சாருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும் பாப்பா."

மூக்கி வாசலில் நின்று யோசித்தாள். இடப்பக்கம் தலைமையாசிரியர் அறை. வலப்பக்கம் அப்பா. அக்காவின் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள்.

அக்கா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். அப்பா முகமூடியை இறக்கி ஒருமுறை மோந்து பார்த்தார்.

"தப்பு என்னோடதும்மா. எதுக்கு எடுக்கறேன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாளைக்கு மறுபடி வரேன். அதுவரைக்கும் பவுடர் மட்டும் வேணாம்."

மறுநாள் எடுத்த பாட்டில் சொல்லிவிட்டது. கிருமி இருந்தது. உடனே குடிநீரைச் சோதித்தார்கள். அந்த நீரைச் சேமிக்கும் தரையடித் தொட்டியில் ஒரு விரிசல். அது வழியாகச் சாக்கடை கசிந்திருந்தது. விரிசலை அடைத்து, தொட்டியைக் கழுவினார்கள். அக்காவின் ஐந்து வாளிக்கும் அன்று சரியான வேலை.

அடுத்த செவ்வாய்க்குள் குண்டூசி பெஞ்சுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று அப்பா மூடியைத் திறந்தபோது, அக்கா வாளியோடு தள்ளி நின்று காத்திருந்தார்.

"நாத்தம் போதுமா, சார்?"

அப்பா மூக்கியைப் பார்த்தார். மூக்கி நன்றாக மூச்சை இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தாராளமா போதும்க்கா!"