பொட்டு ஒட்டிய கேமரா

லேப்டாப்பின் கேமராவுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கார்குழலி அதைத் தொடவே இல்லை.

திரையின் மூலையில் ஒரு வரி: ‘பெற்றோர் பார்க்கிறார்.’

பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. பிள்ளை படிக்கிறதா என்று பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கேமராவைத் திறந்து பார்க்கலாம். எல்லா வீட்டையும் போல இங்கேயும் பதிவாகியிருந்தது அப்பாவின் நம்பர்தான்.

அந்தப் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போன அப்பா கொளஞ்சி, ஆடி மாதக் காற்றில் படகு கவிழ்ந்து போனவர்தான். உடம்பு கரை ஒதுங்கவில்லை. வீராம்பட்டினமே அழுது ஓய்ந்த பிறகும் அம்மா மட்டும் அந்த நம்பருக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள்.

“நம்பர் செத்துப்போச்சுன்னா அந்த மனுஷன் எங்கருந்துடி கூப்புடுவாரு?”

‘கூப்புடுறாரு’ என்று அலைக்குள் இறங்கியவளை இரண்டு முறை முடியைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள் குழலி. இன்னொரு முறை முடியாது. அம்மா இதைப் பார்க்கவே கூடாது.

வெளியே மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறைந்துகொண்டிருக்க, அடுப்படியில் அம்மா பாத்திரம் உருட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே, கண்ணாடி ஓரத்தில் அம்மா விட்டுவைத்திருந்த பழைய ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, கேமரா மேல் ஒட்டி, விரலால் அழுத்தினாள். பிறகு பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் பிரேம்குமார் சாருக்குப் போன் போட்டாள்.

“சார், இந்தக் கேமராவ நிறுத்தணும் சார்.”

“அதெல்லாம் உங்க அப்பா போன்லதாம்மா முடியும். ஏன், மாட்டிக்கிட்டியா?” சிரித்தார். “ஆன்லைன்லதான இருக்காரு. அவரையே கேளு.”

அழைப்பைத் துண்டித்தாள்.

கரண்ட் போனது. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும். மீன் கூடை வாடையிலேயே வளர்ந்தவள் அவள். ஆனால் இப்போது வந்தது வேறு வாடை, வெயிலே படாத ஆழத்துச் சேறும் டீசலும் கலந்தது. போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். அந்த வரி போகவில்லை. லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். போகவில்லை.

ஸ்பீக்கர் கொப்பளித்தது.

“பாப்பா... பொட்ட எடு. தெரியல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“அது அப்பா இல்லம்மா! வராத! உள்ளயே இரு!”

அம்மா வந்துவிட்டாள். குழலி அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கதறினாள். அம்மா குனிந்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, பிரித்தாள்.

“சொன்னேன்ல? வந்துட்டாரு.”

கேமராவிலிருந்து பொட்டை எடுத்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி பார்க்கவில்லை. திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சரி செய்தாள்.

கதவுக்குக் கீழே தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை. கறுப்பு.

குழலி திரையைப் பார்த்தாள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. ஆனால் திரையில், சிரிக்கும் அம்மாவின் தோள்மேல், ஊறி வெளுத்த ஒரு கை. நகமில்லாத விரல் ஒன்று, நெற்றிப் பொட்டை மெல்ல நடுவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தது.