கடைசி சீட்டில் பூமாலை

காணும் பொங்கலன்று மதியம், காணை கிராமத்திலிருந்து புறப்பட்ட வாடகை வேன் மரக்காணம் கடற்கரையில், சவுக்குத் தோப்போரம் வந்து நின்றது. கரும்பு விவசாயி சீனுவாசனும், அவன் தாய் ஜெயம்மாளும், பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்திருந்த அக்கா ராஜாமணியும், அவள் பிள்ளைகளும் இறங்கினார்கள். புளிச்சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினாள் சீனுவாசனின் மனைவி பூமாலை.

அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"நானும் ஒருதரம் காலை நனைச்சிக்கினு வர்றேனே அத்தை."

"எல்லாரும் போயிட்டா சாமானுக்கு யாரு காவல்? அப்புறம் போவலாம், குந்து" என்றாள் ஜெயம்மாள்.

பூமாலை கணவனைப் பார்த்தாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையை நோக்கி நடந்தான்.

பொழுதெல்லாம் பரிமாறினாள், பாத்திரம் துலக்கினாள். உப்பளத்துக்கு அப்பால் சூரியன் இறங்கியபோதுதான் மறுபடி கேட்டாள்.

"ஜல்தியா போய்ட்டு வா" என்றான் சீனுவாசன், முகத்தைத் திருப்பாமலே.

கூட்டம் கலைந்துவிட்டது. இருள் கவிந்தது. சவுக்குத் தோப்பில் காற்று ஊளையிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஏறினார்கள்.

"பூமாலை ஏறிட்டாளா?" என்றாள் ராஜாமணி.

"ஏறிட்டேன்." கடைசி சீட்டிலிருந்து மெல்லிய குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் நகர்ந்தபோது, கடல் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. சீனுவாசன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"எவளோ கத்தறா. பனி அடிக்குது, மூடு" என்றாள் ஜெயம்மாள்.

மூடினான்.

வீட்டு வாசலில் இறங்கிய பூமாலையின் புடவையிலிருந்து நீர் சொட்டியது. அவள் விளக்கேற்றாமலே அடுப்படிக்குள் போனாள்.

அதன்பிறகு அவள் பேசவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. சொல்லுமுன் வேலை முடிந்திருந்தது. அடுப்படியில் நண்டு செத்த வாடை வீசியது. குடத்துத் தண்ணீர் கரித்தது. சீனுவாசன் ஒருமுறை அவள் தோளைத் தொட்டான்.

ஈர மணலில் புதைவது போல விரல் உள்ளே அழுந்தியது.

ஜெயம்மாளுக்கோ மகிழ்ச்சி. "இப்பத்தான் மருமவளா இருக்கா. எதிர்த்து ஒரு பேச்சு கெடையாது."

மூன்றாம் நாள் காலை, மரக்காணத்தை ஒட்டிய குப்பத்திலிருந்து அரசப்பன் என்ற மீனவர் வந்து வாசலில் நின்றார்.

"பொம்பளை ஒண்ணு கரை ஒதுங்கியிருக்குதுங்க. முன்னங்கையில சீனுவாசன்னு பச்சை குத்தியிருக்குது. பொங்கலுக்குக் காணை வேன் வந்ததா டீக்கடையில சொன்னாங்க. உங்க வூட்ல யாராச்சும்..."

உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம் நின்றது.

சீனுவாசனுக்கு அந்தப் பச்சை தெரியும். கல்யாணமான புதிதில், திருவக்கரைக் கோயில் வாசலில், பல்லைக் கடித்துக்கொண்டு பூமாலை ஆசையாகக் குத்திக்கொண்ட பச்சை அது.

ஜெயம்மாள் அடுப்படியைப் பார்த்தாள்.

"எங்க வூட்ல யாரும் கொறையலீங்க. மருமவ உள்ள அரைச்சிக்கினு இருக்கா."

"யாரும் வரலைன்னா அனாதைப் பொணம்னு பொதைச்சிடுவாங்க. சின்ன வயசுங்க, பாவம்." அரசப்பன் சீனுவாசனைப் பார்த்தார்.

சீனுவாசன் தலை குனிந்துகொண்டான்.

அவர் போனதும் ராஜாமணி கிசுகிசுத்தாள். "அம்மா, ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே."

"பார்த்து? அது அவதான்னு தெரிஞ்சா, உள்ள இருக்கறதை என்னடி பண்ணுவே? ஊருக்கு யாரு பதில் சொல்றது? சும்மா கெட."

அம்மியில் குழவி மறுபடி உருண்டது.

மதியம் சோறு போட நீண்ட அவள் கையைச் சீனுவாசன் உற்றுப் பார்த்தான்.

வெறும் கை.

அவள் குனிந்து அவன் காதருகே வந்தாள். கடலிலிருந்து வந்த பிறகு முதன்முறையாக அவனிடம் பேசினாள். வாயோரம் மணல் உதிர்ந்தது.

"பேரைத் தேடறீங்களா? குத்திக்கறேன்."

மறுநாள் காலை அதே கையில் பச்சை இருந்தது. புதிதாக, ரத்தம் காயாமல்.

சீனுவாசன்.

அதற்குக் கீழே, ஜெயம்மாள்.

அதற்கும் கீழே, ராஜாமணி.

மூன்று பேருக்கும் அவளே பரிமாறினாள்.

"சாப்புடுங்க" என்றாள். "கடலுக்குப் போவ வேன் வந்துடும்."