கரண்ட் பந்தி

யாங்கோனில், மிங்கலாடோன் பக்கம் இருக்கும் அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். உதயசூரியன் வீட்டில் விருந்தாளியிடம் ‘இல்லை’ என்று யாரும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை உதயசூரியன் தன் வீட்டு வாசலை மூன்றாவது முறையாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“தூசியே இல்லையே, அப்பா,” என்றாள் பூர்ணா. அவளுக்குப் பதினொரு வயது.

“வருவது யார்? உன் தாய்மாமன். அவர் கண்ணுக்குத் தூசி இருக்கும்.”

மாமா கார்த்திகேசன் டவுன்ஜியில் இருக்கிறார். அது குளிரான மலை ஊர். பழைய ஜப்பானிய மினிபஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஏசி, வெந்நீர்ப் பெட்டி எல்லாம் வைத்து அதை ஒரு நடமாடும் வீடாக மாற்றியிருந்தார். அத்தை தமிழரசியோடு அதிலேயே வந்து, பூர்ணா வீட்டு முற்றத்தில் மூன்று நாள் தங்கப்போகிறார்.

அப்பாவின் மனத்தில் ஒரு பழைய முள் இருந்தது. பதிமூன்று வருடங்களுக்கு முன் அவருடைய கல்யாணத்தன்று வீட்டு விளக்குகள் மங்கிவிட்டன. “மாப்பிள்ளை பெயர் உதயசூரியன். வீட்டில் மட்டும் வெளிச்சத்துக்குப் பஞ்சம்” என்று எல்லார் முன்னாலும் மாமா சிரித்தார்.

மாமா அதை அன்றைக்கே மறந்துவிட்டார். அப்பா மறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பச்சை மினிபஸ் முற்றத்தில் வந்து நின்றது. மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

“டிசம்பரில்கூட உங்கள் ஊர் அடுப்பு மாதிரி இருக்கிறதே, மாப்பிள்ளை!”

“வாங்க மச்சான். கரண்ட் ஒரு மணிக்கு வரும். வந்ததும் ஏசி போட்டுக்கலாம்.”

மாமா பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து நீளமான மின்கம்பி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் பெரிய நீலநிற பிளக் இருந்தது.

“இது முப்பத்திரண்டு ஆம்பியர் பிளக். உங்கள் வீட்டில்...” என்று இழுத்தார்.

“எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது. தாராளமாகச் செருகுங்க,” என்றார் அப்பா.

நீல பிளக் வீட்டுப் பிளக் பாயிண்டில் நுழையாது. அதற்காக மாமா ஒரு மாற்று பிளக் வைத்திருந்தார். அதைப் பொருத்தியதும் சமையலறைப் பாயிண்டில் கச்சிதமாக நுழைந்தது. மீதிக் கம்பியைச் சுருட்டிச் சமையலறைப் படியருகே வைத்தார்கள்.

அந்தப் பாயிண்டின் மேல் ‘15’ என்று அச்சிட்டிருந்ததைப் பூர்ணா பார்த்தாள். முப்பத்திரண்டு எப்படிப் பதினைந்துக்குள் அடங்கும் என்று யோசித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

சரியாக ஒரு மணி. தெருக் குழந்தைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “மீ லாபி!”

கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து மணிக்குப் போய்விடும். அதனால் இந்தக் கூச்சல் கேட்டதும் எல்லா வீட்டிலும் எல்லாரும் ஓடி எல்லாவற்றையும் போடுவார்கள். பூர்ணாவின் அம்மா விஜயகுமாரி அதே சமையலறை லைனில் இருந்த தண்ணீர் மோட்டாரையும் சோற்றுக் குக்கரையும் போட்டாள். பஸ்ஸில் மாமா ஏசியையும் பேட்டரி சார்ஜையும் போட்டார். அத்தை வெந்நீர்ப் பெட்டியைப் போட்டாள்.

பட்! எல்லாம் நின்றது.

“என்ன மாப்பிள்ளை, போச்சா?” என்று பஸ் ஜன்னலிலிருந்து மாமா கேட்டார்.

“ஒன்றுமில்லை மச்சான். ஒரே நிமிஷம்.”

அப்பா பின்கட்டுக்கு விரைந்தார். மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸைக் கழற்றினார். சுமை கூடினால் உருகி லைனைக் காப்பாற்றும் மெல்லிய கம்பி அதில் உருகிப்போயிருந்தது. வேறு மெல்லிய கம்பியை அவர் போடவில்லை. தடித்த செப்புக் கம்பி ஒன்றை முறுக்கிப் போட்டார்.

“இனிமேல் போகாது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெயினைப் போட்டார். பூர்ணா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்மைதான், கரண்ட் போகவில்லை. அப்பா முன்வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

பூர்ணாவின் பூனை ஷ்வேவாவுக்குக் குளிர் ஆகாது. மாமாவுக்கு வியர்த்த அதே டிசம்பரிலும் சூடான இடமாகத் தேடித் தேடிப் படுப்பாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குப் பக்கத்தில், சமையல் முடிந்ததும் அடுப்பு மேடையில்.

இன்றைக்குச் சமையலறைப் படியருகே, சுருட்டி வைத்த கம்பியின் மேல் படுத்திருந்தாள்.

பூர்ணா அவளைத் தூக்கினாள். வயிறு இட்லி மாதிரி சூடாக இருந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனையும் லேசாக வந்தது.

பூர்ணா பூனையோடு வாசலுக்கு ஓடினாள். “அப்பா, கொஞ்சம் பின்கட்டுக்கு வாங்க.”

“மாமா இறங்கி வருகிறார். அப்புறம் பேசலாம்.”

“முதலில் மெயினை அணைங்க அப்பா. அப்புறம் என்னைத் திட்டுங்க.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அப்பாவை எழுப்பியது. பின்கட்டுக்குப் போய் மூக்கை உறிஞ்சினார். மறுபேச்சில்லாமல் மெயினை அணைத்தார்.

“மாப்பிள்ளை, மறுபடியுமா?” என்று முற்றத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

அப்பாவின் முகம் சிவந்தது. “கேட்டாயா? இப்போது போய், ‘எங்கள் வீட்டு லைன் தாங்காது’ என்று சொல்லட்டுமா? பதிமூன்று வருஷம் கழித்து மறுபடியும் அந்தச் சிரிப்பைக் கேட்கட்டுமா?”

அப்பா தலைகுனிந்தால் அது தானும் தலைகுனிந்தது போலத்தான் என்று பூர்ணாவுக்குத் தெரியும். ஆனால் கம்பிக்கு அதெல்லாம் தெரியாதே.

ஷ்வேவாவைத் தடவிக்கொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள்:

“அப்பா, நம் கோயில் அன்னதானத்தில் பந்தி விசாரிப்பது நீங்கதானே? கூடத்தில் எத்தனை இலை போடலாம்?”

“இப்போது எதற்கு அது? முப்பது.”

“நீங்க எத்தனை போடுவீங்க?”

“இருபத்து நான்கு. பரிமாறுகிறவன் நடக்க வழி வேண்டாமா?”

“மற்றவர்கள்?”

“அடுத்த பந்தி.”

“காத்திருந்தால் அவர்களுக்கு மரியாதைக் குறைவா?”

“யார் சொன்னது? போன மாதம் கோயில் தலைவரே இரண்டாம் பந்தியில்தான் உட்கார்ந்தார்.”

“நம் பாயிண்டில் பதினைந்து என்று போட்டிருக்கிறது, அப்பா. இன்றைக்கு எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டோம்.”

அப்பா ஃபியூஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செப்புக் கம்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழையபடி மெல்லிய கம்பியைப் பொருத்தினார்.

“நடக்க வழி விட்டால் பன்னிரண்டு,” என்றார் மெதுவாக. “எது எவ்வளவு சாப்பிடும் என்று உனக்குத் தெரியுமா?”

“எல்லாவற்றின் முதுகிலும் வாட் எழுதியிருக்கும். அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். ஷிரின் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்காங்க.”

இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“மச்சான், எங்கள் வீட்டுப் பாயிண்ட் பதினைந்து ஆம்பியர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தாங்காது. பந்தி வைத்துத்தான் பரிமாறணும். முதல் பந்தி விருந்தாளிக்கு.”

பூர்ணா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இப்போது சிரிப்பாரோ?

மாமா சிரிக்கவில்லை. பஸ் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பஸ்ஸுக்கு ஒயரிங் செய்தவர் எழுதியது: ‘வீட்டுப் பாயிண்ட் என்றால் ஒவ்வொன்றாகப் போடவும். கம்பியைச் சுருட்டி வைக்கக் கூடாது.’

“தெரிந்துமா சொல்லவில்லை?” என்றார் அப்பா.

“தாராளமாகச் செருகுங்க என்றீங்க. அதற்கு மேல் நான் எதைக் கேட்டாலும் உங்கள் வீட்டைக் குறைத்துப் பேசினதாக ஆகிவிடுமே, மாப்பிள்ளை.”

“நல்ல மரியாதை,” என்றாள் அத்தை. “இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டையே கொளுத்தியிருப்பீங்க.”

பூர்ணா வாட்டுகளை ஒரு தாளில் குறித்து, வகுத்து, கூட்டினாள். பஸ்ஸில் இருந்த மின் அடுப்பு வேண்டவே வேண்டாம், அங்கே கேஸ் அடுப்பும் இருந்தது. மாமாவும் அப்பாவும் கம்பியின் சுருளைப் பிரித்துச் சுவரோரமாக நீளமாகப் போட்டார்கள்.

மறுநாள் ஒரு மணிக்கு “மீ லாபி!” என்ற கூச்சல் எழுந்தது. பூர்ணா வீட்டில் மட்டும் யாரும் ஓடவில்லை. அவள் தாளைப் பார்த்துப் படித்தாள்.

“முதல் பந்தி: மாமாவின் ஏசி ஆறு, எங்கள் மோட்டார் நான்கு. இரண்டாம் பந்தி: அத்தையின் வெந்நீர் ஏழு, சோற்றுக் குக்கர் மூன்று. மூன்றாம் பந்தி: பேட்டரி சார்ஜ் இரண்டு, இஸ்திரிப் பெட்டி நான்கு.”

“முதல் பந்தியில் தண்ணீர் ஏறட்டும். என் ஏசி மூன்றாம் பந்திக்கு வரும்,” என்றார் மாமா. நாற்காலியை மாமர நிழலில் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டார். “உதயசூரியன் வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் கௌரவம்தான்.”

அப்பா உள்ளே போய் மாமாவுக்கு இன்னொரு தேநீர் கொண்டுவந்தார்.

ஷ்வேவா மட்டும் சுவரோரக் கம்பியை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை முகர்ந்து பார்த்தாள். எங்கேயும் சூடு இல்லை. பூர்ணாவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய், மாமாவின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.