குடிக்காத விருந்தாளி

நேற்று நடுப்பகலில் வந்த விருந்தாளி, இன்று கூடாரத்தின் நிழல் கிழக்கே முழுக்க நீண்ட பிறகும் கோப்பையைத் தொடவில்லை.

விருந்தாளி குடிக்காமல் வீட்டார் குடிக்கக் கூடாது. பால்குடிக் குழந்தைக்கு மட்டும் விலக்கு. கூடாரத்துக்காரன் ஹதூமின் மகள் துலைஹாவுக்கு ஐந்து வயது. மீறியவனின் கூடாரக் கயிறுகளை அறுத்துவிட்டு, அஸ்கூர் குலத்தார் ஒட்டகங்களைக் கிளப்பிக்கொண்டு, அவனைப் பாலையில் விட்டுப் போய்விடுவார்கள். கடைசியாக ஒருவனுக்கு அறுத்தபோது முதல் கத்தி ஹதூமுடையது.

வந்தவன் நடுக்கம்பில் சாய்ந்திருந்தான். குடிக்கும்வரை அவன் பெயரையும் கேட்கக் கூடாது. தோல்பையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒலியும், மகளின் நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஒலியும், வந்தவனின் அங்கியிலிருந்து கிளம்பிய வறண்ட உப்பு வாடையும் ஹதூமின் தலைக்குள் ஒன்றாகச் சுழன்றன.

அடுத்த கூடாரத்து ஸகர் வாசலில் வந்து நின்றான்.

"என்ன ஹதூம், உன் தண்ணி கசக்குதாமா அவருக்கு?"

"உன் வேலையைப் பாருடா."

"அதான் பாக்கிறோம். கத்தி தீட்டிக்கிட்டு இருக்கோம்."

வெளியே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"புள்ள அழக்கூட மாட்டேங்குதுங்க," என்றாள் மனைவி நஸ்லா.

"பொறு."

போன கோடையில் உப்புப் படுகைக்குப் போனவர்கள் இருவர். ஹதூமும், நஸ்லாவின் அண்ணன் ஜுபைலும். திரும்பியது ஹதூம் மட்டும். மணல்புயலில் பிரிந்துவிட்டோம் என்றான். இருவருக்கும் இருந்தது ஒரே தோல்பை. அது எப்படி அவன் தோளில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

விருந்தாளியின் முகத்துணியைப் பார்த்தான். வாய்க்கு நேரே துணி அசையவில்லை.

காலையிலும் அசையவில்லை.

ஹதூம் மண்டியிட்டான். கோப்பையை எடுத்தான். முகத்துணிக்கு நேரே நீட்டினான்.

"ஒரு வாய் போதும். குழந்தைக்காக."

துணியை விலக்கினான்.

உதடு இல்லை. பல். பற்களின் இடுக்கில் வெள்ளை உப்பு. காய்ந்த தோலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

"அண்ணா?" பின்னால் நஸ்லாவின் குரல்.

துலைஹாவின் நாக்கொலி நின்றிருந்தது.

பற்கள் மெல்லத் திறந்தன. உள்ளிருந்து மணல் வழிந்து கோப்பையில் விழுந்தது.

"நீ குடி மச்சான். அன்னைக்கும் நீதானே முதல்ல குடிச்சே?"