புளியில் கரைந்த கொக்கு

"ஐயோ... கொக்கு எங்கடி?"

பெரியம்மா பவளத்தின் அலறலில் உத்திரமேரூர்த் தெருவே திரும்பிப் பார்த்தது.

கிணற்றடியில் கனகா உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். கையில் தேங்காய் நார். நாரெல்லாம் புளி. புளியெல்லாம் பொன் நிறம்!

மடியில் அந்த ஜப்பான் பெட்டி. கண்ணாடியாய் மினுக்கும் கறுப்பு அரக்குப் பூச்சு. மூடியில் காலைவரை ஒரு தங்கக் கொக்கு நின்றது.

இப்போது ஒற்றைக் கால் மட்டும் பாக்கி...

ஆயுத பூஜை. விளக்கு, சொம்பு, அரிவாள்மணை, எல்லாவற்றையும் தேய்க்கச் சொன்னவளே பெரியம்மாதான். எழுதுகிற சாமான் வைக்கும் பெட்டியாயிற்றே, அதையும் சேர்த்துத் தேய்ப்போம் என்று தோன்றியது மட்டும் கனகாவுக்கு!

"சாமி முன்னாடி வெக்கணும்னுதானே பெரிம்மா..."

"வாயத் தொறந்த, நாரையே உள்ள திணிப்பேன்! எங்கப்பா பினாங்குலேர்ந்து கொணாந்து எனக்கு சீரா குடுத்தது! உள்ள பிரஷ்ஷு, மை அரைக்கிற கல்லு... கண்ணாட்டம் பீரோல வெச்சிப் பூட்டிக்கினு இருந்தேன், பூஜைக்குன்னு இன்னிக்குத்தான் வெளிய எடுத்தேன்! தங்கத்த சுரண்டி எங்க ஒளிச்சிக்கீற?"

"சத்தியமா சுரண்டல!"

"நாளைலேர்ந்து ஸ்கூலு கட்! களை எடுக்கப் போ!"

கனகா நாரைக் கீழே போட்டாள். படிப்பதற்காகத்தான் பழையசீவரத்திலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கிறாள். பத்தாவது பரீட்சைக்கு ஐந்தே மாதம்!

பெரியப்பா ராஜாராம் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"வுடு பவளம்... சின்னப் பொண்ணு. நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு பேஜாரு?"

"தம்பி பொண்ணுன்னா தங்கம் போனாலும் பரவால்லியா? ஏட்டக் கூப்புடறேன் இரு!"

"ஏ... ஏட்டா?"

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. பூஜைப் பொரியை மோப்பம் பிடித்து வந்த ஏட்டு முனிரத்தினம் வாசலில் சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா சத்தம்? கொலையா?"

"கொக்கக் கொன்னுட்டா சார்!"

ஏட்டு பெட்டியை வெயிலில் திருப்பினார். மிச்சமிருந்த அந்த ஒற்றைக் காலைப் புளியால் ஒரு தேய்... காலும் போயிற்று!

"ஏம்மா, கம்மலக் கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"கழட்டும்மா!"

அதையும் தேய்த்தார். கம்மல் அப்படியே இருந்தது.

"தங்கம் இன்னா உப்பா, கரையறதுக்கு? இது பெயிண்ட்டு! கறுப்பும் உரியுது பாரு. உள்ள மஞ்சளா பலாக்கட்ட. ஜப்பான்ல ஏதும்மா பலாமரம்?"

"அப்ப இது..."

"டூப்ளிகேட்டு! அசல அடிச்சிட்டு எவனோ இத்த வெச்சிக்கீறான்!"

பெரியம்மா துவைக்கிற கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கனகாவுக்கு மூச்சு வந்தது. பெரியப்பாவுக்குப் போயிற்று!

"பீரோ சாவி யாராண்ட?"

"எ... என் இடுப்புல. தூங்கசொல்லோ தலகாணி கீழ."

ஏட்டு மெதுவாகக் கனகா பக்கம் திரும்பினார்.

"பாப்பா... நீ இந்த வூட்லதான கீற? பெரிம்மா தூங்கசொல்லோ பீரோவத் தொறந்தது யாருன்னு தெரிஞ்சா சொல்லிடு. இல்லாட்டி சந்தேகம் உம் மேலதான் வரும்."

கனகா நிமிர்ந்தாள்.

பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ராஜாராம் நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி...

கும்பிட்டுக்கொண்டிருந்தார். கனகாவை!

வருஷா வருஷம் பூஜையில் கொட்டாவி விடுகிற மனுஷன்... இன்றைக்குத்தான் இப்படி உருகி நிற்கிறார்!

"இன்னா பாப்பா, வாயத் தொற."

சொன்னால் பெரியப்பா உள்ளே. சொல்லாவிட்டால் புஸ்தகப் பை பரணிலே.

கண்ணெதிரே ஒரு பக்தன் அழுதால்... பாவம், சாமிகளெல்லாம் என்னதான் பதில் சொல்கின்றன?